கேளுங்க அக்கா: கப்பலின் கடைசி நாள்

ஜூன் பள்ளி விடுமுறை முடிந்த கையோடு கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் குரூஸ் பயணம் பற்றியவை. அதிலும் பெரும்பாலான கடிதங்கள் இறங்குவதற்கு முந்தைய நாளைப் பற்றியே கேட்கின்றன. கப்பலின் வரவேற்பு மேசையில் நின்று பல வருடம் வேலை பார்த்தவள் நான். உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றையும் அந்த மேசைக்கு முன்னால் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். விடுமுறையிலேயே நல்ல நாள் கடைசி நாள்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்குள் கப்பல் பழகியிருக்கும், வழி தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் கிடைத்திருப்பார்கள். அந்த நாளை லிஃப்ட் வாசலிலும் கணக்கு வரிசையிலும் நின்று வீணாக்குவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அதனால் இந்த வாரம் முழுப் பக்கமும் அதற்கே.

கடைசி இரவு பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்கிறார்களே, கட்டாயமா? எதைக் கையில் வைத்துக்கொள்வது? போன தடவை நானும் கணவரும் நள்ளிரவு வரை பெட்டி கட்டினோம். சண்டைதான் மிச்சம்.
- வாசகி, தெம்பனிஸ்

கட்டாயம் இல்லைங்க. உங்கள் பெட்டிகளை யார் உதவியும் இல்லாமல் நீங்களே இழுத்துக்கொண்டு போக முடியும் என்றால், முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் முதல் ஆள்களாக இறங்கிவிடலாம். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் படிக்கட்டிலும் லிஃப்டிலும் நெரிசல் தாங்காது. பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கைவீசி நடந்து வருவதே மேல்.

கொடுப்பதாக இருந்தால் கேபினுக்கு வரும் வண்ண அட்டையைக் கவனியுங்கள். அதிலுள்ள நிறமோ எண்ணோதான் நீங்கள் எப்போது இறங்குவீர்கள், டெர்மினல் கூடத்தில் உங்கள் பெட்டி எந்த வரிசையில் நிற்கும் என்பதைச் சொல்லும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பழைய விமான அட்டைகளைக் கிழித்துப் போடுங்கள். கூடத்தில் நிற்கும் பெட்டிகளில் முக்கால்வாசி கறுப்பாகத்தான் இருக்கும், அதனால் கைப்பிடியில் ஒரு கலர் துணியைக் கட்டிவிடுங்கள்.

பெரும்பாலான கப்பல்களில் இரவு பத்து, பதினோரு மணிக்குள் பெட்டி வாசலுக்கு வந்துவிட வேண்டும். அங்கிருந்து அது கீழ்த்தளத்துக்குப் போய், கம்பிக் கூண்டு வண்டிகளில் அடுக்கப்படும். அதற்கப்புறம் கரையில்தான் அதைப் பார்ப்பீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தடவை நடு இரவு தாண்டி ஓர் அம்மா என் மேசைக்கு வந்தார். இன்சுலின் பாட்டில்களை ஈரத்துணியில் சுற்றி, மைலோ டின்னுக்குள் வைத்து, அந்த டின்னைப் பெரிய பெட்டிக்குள் மகன் வைத்துவிட்டார். பெட்டியோ கீழே போய்விட்டது. காலையில் பசியாறுவதற்கு முன் ஊசி போட்டாக வேண்டும். இரண்டு ஊழியர்கள் கூண்டு கூண்டாக இறக்கித் தேடினார்கள். டின் கைக்கு வந்தபோது அந்த அம்மா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆகவே மருந்து, பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி, நகை, சார்ஜர், பால் மாவு, வீட்டுச் சாவி எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். மறுநாள் போடும் துணியை உள்ளாடை முதல் செருப்பு வரை தனியாக எடுத்து நாற்காலியில் வைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். கண்ணாடிப் பாட்டில்களைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

சண்டைக்கு வருவோம். கேபின் சிறிய இடம், இரண்டு பேர் இரண்டு பெட்டியை விரித்துவிட்டால் கால் வைக்கக்கூட வழி இருக்காது. அழுக்குத் துணியை முந்தின நாளே ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். கடைசி நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் பிள்ளைகளோடு நீச்சல் குளத்துக்குப் போகட்டும், ஒருவர் மட்டும் கட்டட்டும். நாலு மணிக்குள் முடிந்துவிடும். சாயங்காலம் முழுவதும் உங்களுக்கு.

பெட்டியை மூடுவதற்கு முன் கேபினிலுள்ள பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருக்கும் கொக்கியையும், ஷவருக்கு மேலே இழுத்துக் கட்டும் கொடியையும் பாருங்கள். பிள்ளைகளின் நீச்சல் உடை அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைசி இரவு வந்த கணக்கைப் பார்த்து அதிர்ந்துவிட்டோம். நான்கு பேருக்கும் தினமும் சேவைக் கட்டணம் போட்டிருந்தார்கள், ஆறு வயது மகளுக்கும் சேர்த்து. போய்க் கேட்டால் எடுத்துவிடுவார்கள் என்கிறார் நண்பர். கேட்கலாமா அக்கா?
- வாசகர், செங்காங்

சில நிறுவனங்களில் கேட்டால் குறைப்பார்கள், சிலவற்றில் அது கட்டாயக் கட்டணம். ஆனால் தம்பி, என்னிடம் கேட்டால் கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

உங்கள் மகள் சாப்பிடப் போன நேரத்தில் துண்டை மடித்துக் குரங்கு செய்து, மின்விளக்கில் தொங்கவிட்டவர் ஒருவர் இருக்கிறார். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வீட்டை விட்டு வந்தவராக இருப்பார். அவருக்கும் ஒரு மகள் இருக்கலாம், அவர் பார்ப்பது கைப்பேசித் திரையில். நீங்கள் இறங்கும் காலை அவருக்கு மிகக் கடினமான காலை. நீங்கள் கதவைச் சாத்திய உடனே விரிப்பை உருவி, குளியலறையைக் கழுவி, அடுத்த குடும்பத்துக்கு அறையைத் தயார் செய்ய வேண்டும். இப்படி ஓர் அறை இல்லை, அவர் பொறுப்பில் உள்ள எல்லா அறைகளும். மதியமே புதிய பயணிகள் ஏறத் தொடங்குவார்கள், சாயங்காலம் கப்பல் மறுபடி கிளம்பிவிடும். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி கப்பல் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும். மீதி நேரத்தில் எவ்வளவு வேலை அடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேவைக் கட்டணம் இவர்களுக்கும், சாப்பாட்டு மேசையில் பரிமாறுபவர்களுக்கும், நீங்கள் கண்ணால் பார்க்காத சிலருக்கும் பிரிகிறது. உங்கள் மகள் படுத்த கட்டிலுக்கும் விரிப்பு மாற்றத்தானே வேண்டும்?

சேவையில் குறை இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள், சரிசெய்வார்கள். கடைசி இரவு கட்டணத்தைக் குறைப்பதால் யாருக்கும் எதுவும் சரியாகாது.

மற்றபடி கணக்கை முதல் நாளிலிருந்தே பாருங்கள். கேபின் தொலைக்காட்சியிலோ செயலியிலோ தெரியும். வாங்காத குளிர்பானம், எடுக்காத புகைப்படம் என்று ஏதாவது ஏறியிருந்தால் அன்றே போய்க் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. அதையே கடைசி இரவு செய்ய வந்தால் உங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வரிசை நிற்கும். பல கப்பல்களில் கணக்கு அமெரிக்க டாலரில் ஓடும் என்பதையும் மனதில் வையுங்கள், நம் சிங்கப்பூர் வெள்ளியில் அது கூடுதலாக இருக்கும். முடிந்தால் கடன் அட்டையைக் கொடுங்கள். டெபிட் அட்டை கொடுத்தால் கப்பல்காரர்கள் முன்பிடித்தமாக நிறுத்திவைக்கும் தொகை உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடங்கும். இறங்கிய பிறகு அது விடுபடச் சில நாள் ஆகலாம்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை மூன்று இரவு குரூஸ் அழைத்துப் போகிறேன். திரும்பி வரும்போது குடிநுழைவில் சிக்கல் வருமா?
- வாசகர், பொங்கோல்

கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போனால் அவர்கள் நாட்டை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி வருவது புது நுழைவு. எனவே அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா, திரும்பும் தேதியில் செல்லுபடியாகுமா என்று பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இறங்கும் நாளில் அதிகாரி, அவர்கள் எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் புதிதாகக் கொடுப்பார், அந்த விவரம் மின்னஞ்சலில் வரும். சென்னைக்குத் திரும்பும் விமானச் சீட்டின் நகல் கையில் இருக்கட்டும்.

அடுத்து எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூருக்கு வருபவர்கள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கடல் வழியாக வந்தால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்கூட நிரப்ப வேண்டும். உட்லண்ட்ஸ், துவாஸ் தரைவழிச் சாவடிகளில் நமக்கு இருக்கும் விலக்கு இங்கே இல்லை. கப்பல் இணையத்துக்குக் காசு அதிகம், அதனால் பினாங்கிலோ வேறு துறைமுகத்திலோ இறங்கும்போது கைப்பேசியில் எல்லாருக்கும் சேர்த்து முடித்துவிடுங்கள். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள்.

அப்பாவுக்கு வயது எழுபத்தாறு. சிறுவனாக நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவர். அதற்கப்புறம் கப்பலில் கால் வைத்ததில்லை. செப்டம்பரில் பினாங்கு, புக்கெட் போய்வரும் கப்பலில் அழைத்துப் போகிறோம். திரும்பும் காலையில் அவர் கடலிலிருந்து சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு, எங்கே நிற்க வைப்பது?
- வாசகி, ஈசூன்

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு மேசையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பைலட் எத்தனை மணிக்கு ஏறுகிறார்?" சிங்கப்பூர் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் வர வேண்டுமானால் இங்குள்ள பைலட் ஒருவர் ஏறி வழிகாட்ட வேண்டும், அது விதி. அவர் ஏறும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக அப்பாவை மேல்தளத்துக்கு அழைத்துப் போங்கள். பெரும்பாலும் விடிவதற்கு முன்பாக இருக்கும். நம் ஊரில் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் வரும். பல கப்பல்கள் அதற்குள் கரை சேர்ந்துவிடும்.

கப்பல் மலாக்கா நீரிணையில் தென்கிழக்காக இறங்கி வந்து, பிறகு கிழக்கே திரும்பும். அப்போது சிங்கப்பூர் இடது பக்கம் இருக்கும். கப்பல் போகும் திசையைப் பார்த்து நின்று, இடது கைப்பக்கம் போய்விடுங்கள். முதலில் தெரிவது ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமாக இருக்கலாம். நம் நாட்டின் தெற்குக் கோடியில் புலாவ் சத்துமு என்ற சின்னத் தீவில் 1855-லிருந்து எரிகிறது. உங்கள் அப்பா சிறுவனாக வந்தபோதும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் பக்கத்திலுள்ள பிலிப் கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர்கூட அகலமில்லை. உலகத்தின் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் அந்த வழியாகத்தான் நெருக்கிக்கொண்டு போகின்றன. நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். அதற்கு நடுவிலிருந்து ஒரு சிறு படகு விரைந்து வந்து, ஓடுகிற கப்பலோடு ஒட்டிக்கொள்ளும். பைலட் ஏணியைப் பிடித்து ஏறுவார். பேரப்பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பியாவது இதைக் காட்டுங்கள்.

தளம் பனியிலும் உப்புத் தண்ணீரிலும் வழுக்கும். அப்பாவுக்கு ரப்பர் அடி போட்ட காலணி, காதை மூடும் துணி, ஒரு மெல்லிய குளிர் சட்டை. கைப்பிடிக் கம்பி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கழிவறைக்கு அருகிலுள்ள இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பஃபே இருக்கும் தளம் என்றால் காப்பியும் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 'ராஜுலா' 1926-இல் கட்டிய கப்பல். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வரும். அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய போர்ட் கிள்ளான். அதாவது செப்டம்பரில் பினாங்கிலிருந்து கீழே உங்கள் அப்பா அன்று வந்த அதே நீரிணையில்தான் மறுபடி வரப்போகிறார். அன்று டெக் பயணிகளுக்கு அறை கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. கப்பலில் நோய் தெரிந்தால் கரைக்கு விடமாட்டார்கள், செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி நாள் கணக்கில் வைத்திருப்பார்கள். 'ராஜுலா' எழுபதுகளில் நின்றது. அதன் இடத்தில் ஓடிய 'சிதம்பரம்' 1985-இல் தீப்பிடித்த பிறகு அந்தக் கடல்வழியே முடிந்துபோனது. மெரினா பே குரூஸ் சென்டருக்குக் கப்பல் வரும்போது செயின்ட் ஜான்ஸ் தீவு எந்தப் பக்கம் என்று ஊழியர் யாரையாவது கேட்டு அப்பாவுக்குக் காட்டுங்கள்.

அவர் பேச ஆரம்பித்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கேள்வி கேட்டு இடைமறிக்க வேண்டாம், பேசட்டும். நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-லிருந்து இந்த மாதிரி நினைவுகளைச் சேகரித்து வருகிறது. நாட்டுக்கு அது தேவை என்றால் உங்கள் வீட்டுக்கும் தேவைதானே. கேபினைக் காலி செய்யும் அவசரத்தில் அவரை எழுப்பி இழுத்து வராதீர்கள். பெட்டியை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள் என்று மேலே சொன்னது உங்களுக்காகவும்தான்.

கப்பல் கடையில் இரண்டு பாட்டில் விஸ்கி வாங்கினேன். வரி கட்ட வேண்டுமா?
- வாசகர், சுவா சூ காங்

கடைசியாகத் தொட்ட துறைமுகம் எது என்று பாருங்கள். பினாங்கு, போர்ட் கிள்ளான் என்று மலேசியாவிலிருந்து வந்தால் மதுவுக்கு வரிச்சலுகை கிடையாது. மலேசியா அல்லாத இடத்திலிருந்து வந்தால், 18 வயது நிறைந்து, 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருந்தால் சலுகை உண்டு. சிகரெட்டுக்கு எந்தச் சலுகையும் இல்லை, ஒரு பெட்டியானாலும் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். வேப் வேண்டவே வேண்டாம்.

மற்ற பொருள்களுக்கு, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் 500 வெள்ளி வரை பொருள், சேவை வரி இல்லை. அதற்குக் குறைந்தால் 100 வெள்ளி. மீறினால் 9 விழுக்காடு. வேலை அனுமதி, சார்ந்தோர் அனுமதி, மாணவர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்த 500, 100 கணக்கே பொருந்தாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் அப்படி ஓர் அனுமதியில் இருந்தால் முதல் வெள்ளியிலிருந்தே வரி.

இறங்கும் நாளில் மதியம் வரை கப்பலிலேயே இருக்க முடியுமா?
- வாசகி, பிடோக்

முடியாதுங்க. எட்டு மணிவாக்கில் கேபினைக் காலி செய்யச் சொல்வார்கள். அதற்கப்புறம் பொது இடங்களில் உட்காரலாம், ஆனால் பத்து மணிக்குள் ஏறக்குறைய எல்லாரும் இறங்கியாக வேண்டும். அவசரம் இல்லாதவர்கள் முந்தின நாளே கடைசியாக இறங்குபவர்களுக்கான வண்ண அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆற அமரப் பசியாறிவிட்டு இறங்கலாம். பஃபேயிலிருந்து பழம், ரொட்டி என்று பையில் போட்டுக்கொண்டு கரைக்கு வர வேண்டாம். அதற்கு அனுமதி இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் ஆகியும் தரை ஆடுவது போலவே இருக்கிறது. பயமாக இருக்கிறது, அக்கா.
- வாசகி, அங் மோ கியோ

பயப்படாதீர்கள், தங்கச்சி. கப்பலின் ஆட்டத்துக்குப் பழகிய உடம்பு நிலத்துக்குத் திரும்பப் பழக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரண்டு நாளில் போய்விடும். குளிக்கும்போது கண்ணை மூடினால் கூடுதலாகத் தெரியும், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாந்தி, கடுமையான தலைவலி, காது கேளாமை சேர்ந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

அம்மாவுக்குப் பஃபே சாப்பாடு போதும் போதும் என்றாகிவிடும். இறங்கியதும் இட்லி வேண்டும் என்பார். பெட்டியோடு தேக்காவுக்குப் போக எது சுலபம்? டாக்சியா, எம்ஆர்டியா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

ஒன்பது மணிவாக்கில் டாக்சி வரிசை நீளமாக இருக்கும். இரண்டு சிறிய பெட்டிதான் என்றால் எம்ஆர்டியே போதும். குரூஸ் சென்டரிலிருந்து மரினா சவுத் பியர் நிலையம் பத்து நிமிட நடை. அது வடக்கு-தெற்குப் பாதையின் கடைசி நிலையம், ரயில் காலியாக வரும், அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும். தோபி காட்டில் இறங்கி வடகிழக்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. தோபி காட்டில் மாறும் நடை கொஞ்சம் நீளம், மின்தூக்கியைப் பயன்படுத்துங்கள். தேக்கா சந்தைக்குப் போகும் வழியும் அடையாளப் பலகையில் இருக்கும். பெரிய பெட்டிகள் நாலைந்து இருந்தால், அல்லது அம்மாவுக்கு முட்டிவலி என்றால், வரிசையில் நின்று டாக்சியே பிடியுங்கள்.